ஆப்கான் கபாப் கடையில் என்ன எடுக்கலாம்? திருகோணமலை நாக்குக்கு அது சரிவருமா?

கேள்வி: திருகோணமலையிலிருந்து அம்மா, அப்பாவோடு கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் தெருமுனையில் ஓர் ஆப்கான் கபாப் கடை இருக்கிறதாம். அப்பா மாடு சாப்பிடமாட்டார், அம்மா மரக்கறி மட்டும்தான். உறைப்பில்லாத சாப்பாடு எங்களுக்குச் சரிவருமா? என்ன எடுக்கலாம்?

தாராளமாகப் போங்கள். நான் உப்புவெளிக்காரன். ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் அறைக்கு நேர்கீழே ஓர் ஆப்கான் கபாப் கடை இருந்தது. வியாழன் இரவு என்றால் எங்கள் கூட்டம் முழுக்க அங்கேதான். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் ஏங்குகிற வெளிநாட்டுச் சாப்பாடு என்றால் அது ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். பெயர்ப்பலகையில் கபாப் என்று இருந்தாலும், கடை நல்லதா இல்லையா என்பதை ரொட்டியையும் சோற்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இறைச்சியைக் கரியில் ஓரளவு நன்றாகச் சுடப் பலருக்கும் வரும். அந்தச் சோறு எல்லோருக்கும் வராது.

காபூலி புலாவைச் சொல்கிறேன். வெங்காயத்தை நல்ல கருஞ்சிவப்பாக வதக்கி, அதில் ஆட்டிறைச்சியைப் போட்டு அவிப்பார்கள். அந்த இறைச்சித் தண்ணீரில்தான் சோறு வேகும். சோற்றின் பழுப்பு நிறம் அந்த வெங்காயத்திலிருந்து வருவது. மஞ்சளும் இல்லை, மிளகாய்த்தூளும் இல்லை. சீரகம், ஏலம், கராம்பு, மிளகு, அவ்வளவுதான். மேலே தீக்குச்சிப் பருமனில் அரிந்த கரட்டும் முந்திரிகை வற்றலும், கொஞ்சம் சீனியோடு வதக்கிப் போட்டிருப்பார்கள். இறைச்சித் துண்டு சோற்றுக்குள் புதைந்து கிடக்கும். நல்ல கடையில் பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாது, ஆனால் ஒவ்வொரு பருக்கையிலும் இறைச்சியின் ருசி ஏறியிருக்கும். பல கடைகளில் இதைக் காலையிலேயே பெரிய சட்டியில் போட்டுவிடுவார்கள், அதனால் மத்தியானம் போவது நல்லது. இரவு பத்து மணிக்குப் போனால் சட்டியின் அடிச்சோறுதான் கிடைக்கும்.

நாண் அங்கே வட்டமாக வராது. ஒரு முழத்துக்குக் குறையாத நீளம், நெடுக விரலால் அழுத்திய கோடுகள், மேலே தூவிய கருஞ்சீரகம். தந்தூரிலிருந்து எடுத்த கையோடு கொண்டுவந்து வைத்தால், கபாப் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சூட்டோடு பிய்த்துப் பச்சைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்குங்கள். அந்தச் சட்னியில் கொத்தமல்லி, உள்ளி, பச்சைமிளகாய், வினாகிரி இருக்கும். மேசையில் உறைப்பு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

உறைப்பு பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? எங்களோடு மூதூர் நண்பர் ஒருவர் வருவார். வீட்டிலிருந்து சின்னப் போத்தலில் கட்டைச் சம்பல் கொண்டுவந்து புலாவின் மேல் போட்டுத்தான் சாப்பிடுவார். அவருடைய சோற்றிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்திருக்கிறேன், சம்பலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நண்டுக்கறியில் மூக்கு ஒழுகச் சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு முதல் இரண்டு வாய் சப்பென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொண்டு மூன்றாவது வாய்க்குப் போங்கள். உப்பு, கொழுப்பு, கரிப்புகை, இறைச்சி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அப்பாவுக்கு ஆட்டுத் திக்கா கபாப் எடுங்கள். தட்டையான இரும்புக் கம்பியில் இறைச்சித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கொழுப்புத் துண்டும் கோர்த்திருப்பார்கள். அது செம்மறியின் வால்கொழுப்பு. அந்த நாட்டுச் செம்மறிகளுக்குப் பின்பக்கம் பொதிபோலக் கொழுப்பு சேரும். நெருப்பில் அது உருகிப் பக்கத்து இறைச்சியை நனைத்துக்கொண்டே இருப்பதால்தான் துண்டு காயாமல் வருகிறது. அதை ஒதுக்கிவைக்காமல் இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். சப்ளி கபாபும் (கொத்திறைச்சியைத் தட்டையாகத் தட்டிப் பொரிப்பது) மந்துவும் அனேகமாக மாட்டிறைச்சியில் செய்பவை, ஆகவே கேட்காமல் அப்பாவுக்கு எடுக்கவேண்டாம். உங்களுக்கு மாடு பிரச்சினை இல்லை என்றால் மந்துவை விடாதீர்கள். கொழுக்கட்டை மாதிரி மெல்லிய மாவுக்குள் கொத்திறைச்சியும் வெங்காயமும் வைத்து ஆவியில் அவித்து, மேலே உள்ளி சேர்த்த தயிர், தக்காளியில் வேகவைத்த பருப்பு, காய்ந்த புதினா எல்லாம் போட்டுத் தருவார்கள். எனக்கு அந்தக் கடையில் கபாபைவிட மந்துதான் பிடிக்கும்.

அம்மா விஷயத்தில்தான் கவனம் தேவை. "இறைச்சி போடாமல் புலாவ் மட்டும் தாருங்கள்" என்று கேட்டால் தருவார்கள். ஆனால் அந்தச் சோறே இறைச்சித் தண்ணீரில் வெந்தது. அம்மாவுக்குச் சலாவ் என்று கேளுங்கள், அது வெள்ளைச் சோறு. அதிலும் என்ன எண்ணெய் அல்லது கொழுப்பு சேர்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதோடு போரானி பாஞ்சான்: கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியில் வேகவைத்து, உள்ளித் தயிரின் மேல் பரப்பித் தருவது. கத்தரிக்காயைக் கறியாகவே சாப்பிட்டு வளர்ந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பிடித்துப்போகும். மெல்லிய ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடித்த போலானியும் நல்லது. கீரை இருந்தால் இறைச்சி சேர்த்ததா என்று விசாரியுங்கள். அம்மா விரதக்காரர் என்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், கடை முழுக்கக் கொழுப்பு எரிகிற புகை நிற்கும்.

சில கடைகளில் கம்பளம் விரித்த மேடையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் முதலிலேயே மேசை கேட்டு வாங்குங்கள். ஒரு புலாவ் இரண்டு பேருக்குப் போதும். தட்டுக்கு ஒன்றாக எடுக்காமல் எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள், அவர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். குடிக்க தோக் எடுங்கள். உப்பும் புதினாவும் போட்ட மோர் அது. முடிவில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேத்தண்ணீர்.

கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசவும் பாருங்கள். 1979 கடைசியில் சோவியத் படை உள்ளே வந்த பிறகு இலட்சக்கணக்கான ஆப்கானியர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடினார்கள். அங்கிருந்து ஹம்பர்க், கலிபோர்னியா, டொராண்டோ என்று பரவினார்கள். 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் போன பாதையும் அதே மாதிரிதான். ஷார்ஜாக் கடையில் தந்தூருக்கு முன்னால் நிற்கும் பெரியவர் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, நாங்கள் கேட்காமலேயே ஒரு நாண் கூட வைப்பார். அவர் பெஷாவர் முகாமில் வளர்ந்தவர்.

திரும்பி வந்த பிறகு ஆசை விடாது, ஊரிலேயே செய்து பாருங்கள். கிண்ணியா எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளியும் உப்பும் சேர்த்தால் அந்தத் தயிர் அப்படியே வந்துவிடும். வால்கொழுப்பு இங்கே கிடைக்காது, இறைச்சிக் கடையில் ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கேட்டு வாங்குங்கள். இறைச்சியில் வெங்காயச் சாறு, உள்ளி, உப்பு மட்டும் பிரட்டி இரண்டு மணி நேரம் வைத்தால் போதும், தூள் எதுவும் வேண்டாம். சிரட்டைக் கரி நன்றாகப் பிடிக்கும், ஆனால் தணல் வெள்ளை பூத்த பிறகுதான் கம்பியை வைக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு ரொட்டித் துண்டால் இறைச்சியைப் பற்றிக் கம்பியை உருவுங்கள். வடிகிற கொழுப்பு முழுக்க ரொட்டியில் இறங்கும். அந்த ரொட்டியை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.