எயார்பாக் லைற் விட்டுவிட்டு எரியுது, பல்ப்பைக் கழட்டிவிட்டாக் காணுமோ?

முள்ளியவளையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவற்ற ரொயோட்டா அக்சியோவில கிறவல் றோட்டில ஓடேக்க எயார்பாக் லைற் வருதாம், தார் றோட்டுக்கு ஏறினா நிண்டிடுதாம். ஒரு கராஜ்ல, கார் அடிபட்டதை உணருற சென்சர் செத்துப்போச்சு மாத்துங்கோ எண்டு சொல்லியிருக்கினம், இன்னொருத்தர் டாஷ்போட் மீற்றரைக் கழட்டி பல்ப்பை எடுத்துவிட்டாச் சரி எண்டிருக்கிறார்.

பல்ப் கதையை முதல்ல விடுங்கோ தம்பி. அந்த லைற் எரியுது எண்டா எயார்பாக் கொம்பியூட்டர் தன்ர லைன் ஒண்டில பிழை இருக்கெண்டு சொல்லுது, அந்த நேரத்தில அடிபட்டா பாக் விரியுமெண்டு ஒருத்தரும் உறுதி சொல்லேலாது. ஏ9 றோட்டில இரவில மாடு எப்பிடிக் குறுக்க வரும் எண்டு உங்களுக்கே தெரியும். சில பேர் பாக்குக்குப் பதிலா 2 ஓம் றெசிஸ்ரர் ஒண்டைச் செருகி லைற்றை நூத்துப்போட்டுக் காரை விக்கினம், அதை வாங்கிப் பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறவனுக்கு முன்னால வெறும் பிளாஸ்ரிக் மூடிதான் இருக்குது. எனக்கு இதை நினைச்சாலே வயிறு எரியும்.

சென்சர் கதையும் எனக்குச் சரியாப் படேல்ல. சென்சர் செத்திருந்தா எந்த றோட்டிலயும் லைற் நிண்டு எரியவேணும், குலுங்கேக்க மட்டும் வருது எண்டா வயர், இல்லாட்டிக் கனெக்ரர். 2010ல மீளக்குடியேறி வந்து கிளிநொச்சியில வயரிங் வேலை தொடங்கினனான், அப்ப லான்ட்மாஸ்ரரும் ஓட்டோவும்தான் வரும், இப்ப நாள் முழுக்க அக்சியோ, அக்குவா, வகன் ஆர் எண்டு ஜப்பான் கார்தான், நான் பாத்த எயார்பாக் கேசுகளில சென்சரே பழுது எண்டது மிச்சம் குறைவு.

முதல்ல கோட் எடுக்கவேணும், அதுதான் கொம்பியூட்டர் பதிஞ்சு வைச்சிருக்கிற பிழை நம்பர். போனோட வேலை செய்யிற மலிவு புளூடூத் றீடர் அனேகமா எஞ்சின் கோட்டை மட்டும்தான் காட்டும், எஸ்ஆர்எஸ் எண்ட எயார்பாக் பக்கத்தையும் வாசிக்கிற ஸ்கானர் வேணும். ரொயோட்டாவில லைற் எரிஞ்சும் கோட் ஒண்டும் இல்லையெண்டா பற்றரி வோல்ற் குறையுதோ எண்டு பாருங்கோ. லைற்றோட சேத்து ஹோணும் அடிக்கேல்ல, ஸ்ரியறிங்கில இருக்கிற பட்டனும் வேலை செய்யேல்ல எண்டா ஸ்ரியறிங்குக்குள்ள சுத்தி வாற ஸ்பைரல் கேபிள்தான், மேல தேடத் தேவையில்லை. சீற்றுக்குக் கீழ இருக்கிற மஞ்சள் கனெக்ரரையும் பாருங்கோ, எங்கட செம்புழுதியும் வெள்ளத் தண்ணியும் போய் நிக்கிற இடம் அதுதான்.

தொட முதல் திறப்பை ஓவ் பண்ணி பற்றரி நெகற்றிவைக் கழட்டுங்கோ, ரொயோட்டா 90 செக்கன் பொறுக்கச் சொல்லும், நான் எந்தக் காருக்கும் 3 நிமிசம் பொறுப்பன். அடிபட்டுப் பற்றரி அறுந்தாலும் பாக் விரியவேணும் எண்டு கொம்பியூட்டருக்குள்ள கப்பாசிற்றரில கறன்ற் சேமிச்சு வைச்சிருக்கும், அது இறங்கவேணும். மற்றது, பாக்கில நேரா ஓம் மீற்றர், அதுதான் வயரின்ர தடையை அளக்கிற மீற்றர், வைக்கவே கூடாது. மீற்றரும் தன்ர பற்றரியால சின்னக் கறன்ற் விடும், பாக்குக்குள்ள இருக்கிற திரி சின்னக் கறன்ற்றிலதான் பத்தும், முகத்துக்கு நேர விரிஞ்சா ஆளே போகும்.

அளக்கிறது வயரை மட்டும். சென்சர் பக்கமும் கொம்பியூட்டர் பக்கமும் ரெண்டையும் கழட்டிப்போட்டு, நுனிக்கு நுனி 1 ஓமுக்குக் கீழ இருக்கவேணும், வயருக்கும் காரின்ர பொடித் தகட்டுக்கும் இடையில அளந்தா 1 மெகா ஓமுக்கு மேல இருக்கவேணும். பீப் சத்தத்தை நம்பாதேங்கோ, கன மீற்றர் 30 ஓம்லயும் பீப் அடிக்கும். பாக் லைன் எண்டா இன்னொரு விசயம் இருக்கு, அந்தக் கனெக்ரரைக் கழட்டின உடன உள்ளுக்கு ஒரு சின்னத் தகடு ரெண்டு பின்னையும் சேத்துப் பிடிக்கும், தற்செயலா வெடிக்காமல் இருக்க அப்பிடிச் செய்திருக்கு, அது தெரியாமல் அளந்துபோட்டு வயர் ஒண்டோடொண்டு முட்டி சோட் எண்டு நல்ல ஹார்னஸை, அதுதான் வயர்க் கட்டை, கிழிச்சவையும் இருக்கினம். மீற்றர் ஊசியைப் பின்னுக்குள்ள குத்தாதேங்கோ, பின் அகண்டிட்டா இல்லாத பழுதும் வந்திடும்.

போன மாரி முடிய புதுக்குடியிருப்பில இருந்து ஒரு கார் இதே குணத்தோட வந்தது, கோட் B1610, வலப்பக்க முன் சென்சர் லைன். வேற கராஜ்ல பழைய சென்சர் ஒண்டு வாங்கிப் போட்டு ரெண்டு நாளில திரும்ப லைற் வந்திட்டுது. நான் வயரை அளந்தா 0.5 ஓம், ஒரு பிழையும் இல்லை. பேந்து பொடியனை மீற்றரைப் பாக்கச் சொல்லிப்போட்டு ஹார்னஸைச் சாணுக்குச் சாண் பிடிச்சு ஆட்டிக்கொண்டு வந்தன், ஹெட்லைற்றுக்குப் பின்னால வரேக்க "அண்ணை போட்டுது, அண்ணை வந்திட்டுது" எண்டு கத்துறான். ரேப்பை உரிச்சுப் பாத்தா எலி உறையை மட்டும் கொறிச்சிருக்கு, செம்பு அறேல்ல, ஆனா மழைத்தண்ணி இறங்கிப் பச்சைப் பவுடராப் போய் ரெண்டு மூண்டு நார்தான் மிச்சம். விசாரிச்சா கார் விடுற கொட்டிலுக்குள்ளதான் நெல் மூட்டையும் அடுக்கியிருக்கினம். முறுக்கி ரேப் சுத்தி விட்டிருக்கலாம், ஆனா எயார்பாக் லைனில அப்பிடி ஒட்டுப் போடக்கூடாது, அந்த ஹார்னஸையே கொழும்பில இருந்து எடுப்பிச்சு மாத்தி, கோட்டை அழிச்சுப்போட்டு கிறவலில ஒரு மணித்தியாலம் ஓடிப் பாத்துத்தான் குடுத்தனான். திறப்புப் போட்டவுடன லைற் 6 செக்கன் மாதிரி எரிஞ்சு தானா நூந்தாத்தான் சரி.

தம்பி, சென்சருக்குக் காசு குடுக்க முதல் கோட்டை எடுத்து நம்பரை இதில எழுதுங்கோ. B1610 எண்டா வலப்பக்கம், B1615 எண்டா இடப்பக்கம், எங்க பிடிச்சு ஆட்டவேணும் எண்டு சொல்லுறன். வீட்டில நெல்லுக்குப் பக்கத்தில கார் விடுறனீங்களோ எண்டதையும் சொல்லுங்கோ.