அப்பாவின் கூலி பாக்கிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. பல்லடம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரசு கலைக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. போன செமஸ்டரில் பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பர் வந்தது. விசாரணைக் கடிதம், ஆர்டர் கடிதம், புகார்க் கடிதம், வசூல் கடிதம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து 68 மார்க் வாங்கினேன். ஆனால் போன வாரம் நடந்த மாதிரி நேர்காணலில், சரக்கு அனுப்பத் தாமதமாகும் என்று வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னார்கள். 'வி ரெக்ரெட் டு இன்ஃபார்ம்' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர 12,000 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். அவருக்கு வர வேண்டிய கூலியே இரண்டு மாதமாக வரவில்லை. அவரிடம் எப்படிக் கேட்பது? நான் படித்த பேப்பர் வீண்தானா?

பதில்: அன்புத் தங்கைக்கு, 12,000 ரூபாயை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். பேப்பரும் வீண் இல்லை. உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு சிரமங்கள். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு பாரமாகத் தெரிகிறது. ஒன்று, ஆங்கிலம் சரளமாக வரவில்லை. இன்னொன்று, என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியவில்லை. அந்த நேர்காணலில் உங்களை நிறுத்தியது இரண்டாவது. அதே மெயிலைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தாலும் 'வருந்துகிறோம்' என்பதற்கு அடுத்த வரி வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இது எனக்கும் நடந்ததுதான். 1998இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து வாங்குபவர்களோடு தொடர்பில் இருக்கும் வேலையில், சேர்ந்தேன். நானும் பி.காம், நானும் தமிழ் வழி. சாயம் சரியாக வராமல் ஓர் ஆர்டர் தள்ளிப்போனது. புத்தகத்தில் படித்தபடியே, 'தவிர்க்க முடியாத காரணங்களால் சரக்கு அனுப்புவதில் தாமதம் ஏற்படும்' என்று பிழை இல்லாத ஆங்கிலத்தில் பையருக்கு, அதாவது சரக்கை வாங்குபவருக்கு, ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: எத்தனை நாள்?

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் இருக்கும் அந்த பையருக்கு என் வருத்தத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. எத்தனை பீஸ் தாமதம், எந்தத் தேதியில் கப்பல் ஏறும், பாதியையாவது முன்னால் அனுப்ப முடியுமா என்ற மூன்றும் தெரிந்தால்தான் அவர் தன் கடைகளுக்குப் பதில் சொல்ல முடியும். நான் எழுதிய நாலு வரியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

'கம்ப்ளீட்னஸ்', அதாவது முழுமை, என்று ஒரு தலைப்பு படித்திருப்பீர்கள். நல்ல கடிதத்துக்கு வேண்டும் என்று சொல்லும், 'சி'யில் தொடங்கும் ஏழு குணங்களில், அந்த ஏழு 'சி'களில், ஒன்று என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அது உண்மையில் என்னவென்று ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். கோடைக்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அவர்கள் காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது குளிர்காலத்தில் இங்கே மதியம் ஒன்றரை. நம் மெயிலில் ஸ்டைல் நம்பர், அதாவது எந்த டிசைன் என்று காட்டும் எண், விட்டுப்போயிருந்தால் அவர்கள் கேள்வி கேட்டு எழுதுவார்கள். அது வரும்போது நாம் வீட்டுக்குப் போயிருப்போம். மறுநாள் பதில் சொல்வோம். விட்டுப்போன ஒரு நம்பருக்கு ஒரு நாள் போச்சு. லேப் டிப், அதாவது சாயத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சின்னத் துணித்துண்டு, அதற்கு ஓகே வர இப்படி நான்கு நாள் இழுத்தால் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட வேண்டியதுதான். அப்புறம் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவில் லாபமே கரைந்துவிடும். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அந்த ஏழு 'சி'களைப் பாடமாக நடத்தினால் ஒரு பிள்ளைகூட மனப்பாடம் செய்யாது. அப்படி நடத்துவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

2011 ஜனவரிக் கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் நொய்யலைப் பாழாக்கிய வழக்கில் வந்த உத்தரவு அது. ஊரில் இருந்த ஒவ்வொரு ஏற்றுமதி அலுவலகமும் அந்த வாரம் பையர்களுக்குக் கடிதம் எழுதியது. எங்கள் அலுவலகத்தில் அதை எழுதியவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு மேனேஜர். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் நடந்தது என்ன, நம் ஆர்டர்களில் எவற்றுக்குச் சாயம் முடிந்துவிட்டது, எவற்றுக்கு முடியவில்லை, மீதித் துணியை எந்த ஊருக்கு அனுப்பிச் சாயம் போடப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் புதுத் தேதி எது என்று வரிசையாக இருந்தது. ஓர் ஆர்டர்கூட ரத்தாகவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை நான் பல வருடம் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. அப்பாவின் கூலி பாக்கி. நூல் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளும் அந்த உற்பத்தியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. முதலில் தமிழில் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

'வணக்கம். மார்ச் 3, மார்ச் 17 ஆகிய தேதிகளில் கொடுத்த துணிக்கான இரண்டு கூலி பில்களும், மொத்தம் 38,400 ரூபாய், இன்னும் வரவாகவில்லை. அளவிலோ தரத்திலோ குறை இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். இல்லையென்றால் வரும் சனிக்கிழமைக்குள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் அடுத்த பாவு பிணைக்கத் தோதாக இருக்கும்.'

தேதியும் தொகையும் நான் சும்மா போட்டவை, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். (பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்.) இதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. பணம் தராததற்கு அவரிடம் ஒரு நியாயமான காரணம் இருந்தால் அதைச் சொல்ல இடம் விட்டிருக்கிறோம். உங்கள் புத்தகத்தில் வசூல் கடிதங்களை நினைவூட்டல், விசாரிப்பு, வேண்டுகோள், எச்சரிக்கை என்று படிப்படியாகச் சொல்லியிருப்பார்கள். அது பரீட்சைக்காகப் போட்ட வரிசை இல்லை. நாளைக்கும் அவரிடம்தான் பாவு நூல் வாங்க வேண்டும், முதல் கடிதத்திலேயே கத்தியைக் காட்டினால் தறி நின்றுவிடும் என்ற அனுபவத்தில் வந்த வரிசை.

கடைசிப் படிக்குப் போக வேண்டி வந்தால் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அப்பாவிடம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே செய்து கொடுங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் இந்தச் சட்டத்தை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். தேதியும் தொகையும் போட்டு ஒழுங்காக எழுதிய முதல் கடிதம்தான் பின்னால் உங்களுக்கு ஆதாரமாக நிற்கும்.

தமிழில் எழுதி முடித்ததும் அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரிக்கு வரி மாற்ற வேண்டாம். செய்தி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னால் போதும். 'பிளீஸ் டூ த நீட்ஃபுல்', அதாவது 'வேண்டியதைச் செய்யவும்', என்ற வாக்கியத்தை மட்டும் மறந்துவிடுங்கள். எதைச் செய்ய வேண்டும் என்று படிப்பவர் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். மெயிலின் சப்ஜெக்ட் வரியில் 'ரிக்வெஸ்ட்' என்று மொட்டையாகப் போடாமல், எந்த பில், எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். பலர் போனில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத்தான் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

பேச்சுக்கும் இதேதான் வழி. நீங்கள் எழுதிய கடிதத்தை வாய்விட்டு நான்கு தடவை படியுங்கள். போன் செய்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் எண் சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். 'ஃபிஃப்டீன்' என்பதை 'ஃபிஃப்டி' என்று கேட்டு 35 அட்டைப்பெட்டி அதிகமாக வரவழைத்தவள் சொல்கிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ஏற்றுமதி வேலைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். உங்கள் கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன ஆங்கிலப் பயிற்சி நடக்கிறது என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பிசினஸ் கம்யூனிகேஷன் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். மூன்று மாதம் இதைச் செய்துவிட்டு, அப்புறமும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் யோசிக்கலாம். முப்பது நாளில் சரளம் என்று விளம்பரம் செய்யும் இடமாக மட்டும் அது இருக்க வேண்டாம்.

அடுத்த நேர்காணலில் உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால், எல்லோரும் ஒப்பிக்கும் 'ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்' வேண்டாம். அப்பா எட்டுத் தறி ஓட்டுகிறார், அவருடைய பில்களை நான் எழுதுகிறேன், நிலுவைக்கு நான்தான் கடிதம் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும், அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அந்த உற்பத்தியாளரிடம் அப்பா முன்பணம் ஏதாவது வாங்கியிருந்தால், அதைக் கழித்துவிட்டுத் தொகையை எழுதுங்கள்.