எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது?

கேள்வி: ஒரு வருடமாக வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைக்கிறேன். போன வாரம் மாடியிலிருந்து பார்த்தால், வண்டிக்காரர் என்னுடைய இரண்டு வாளியையும் ஒரே குவியலில் கவிழ்த்துவிட்டுப் போகிறார். அழுகையே வந்துவிட்டது. கணவரோ, "அதான் முதல்லயே சொன்னேனே, எல்லாம் ஒரே வண்டியிலதானே போகுது" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், எந்த வாளி கைக்கு எட்டுகிறதோ அதில் போடுவான். தினமும் வாளியைக் கிளறி, தப்பாகப் போட்டதை வெளியே எடுத்து, சத்தம் போட்டு, இப்போது எனக்கு வீட்டில் 'குப்பை இன்ஸ்பெக்டர்' என்று பெயர். நான் ஒருத்தி பிரித்து என்ன ஆகப்போகிறது? விட்டுவிடலாமா? இன்னொன்று: அலுவலகத்தில் சாப்பாடு வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். இது கொஞ்சம் அதிகமோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழுகை வந்ததில் தப்பே இல்லை. ஒரு வருட வேலை கண்ணெதிரே கவிழ்ந்தால் யாருக்கும் வரும். முதலில், அந்த வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தடுப்பு இல்லாத ஒரே வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, பிரித்து ஏற்று என்றால் அவர் எங்கே ஏற்றுவார்? கேட்க வேண்டியது அவரை அனுப்புகிறவர்களிடம். எழுத்தில் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கையெழுத்தும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உங்கள் கணவர் சொன்னது. அது பாதி உண்மை. வண்டியில் ஏறியது எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது, சரி. ஆனால் வண்டியில் ஏறாதது? அதை யாரும் கலக்க முடியாதே! நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வண்டிக்காகப் பிரிப்பதை விட்டுவிடுங்கள். வண்டிக்குப் போவதைக் குறைக்கப் பிரியுங்கள்.

எனக்கு இது புரிந்த நாளைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்து, எங்கள் வீட்டு ஒரு வாரக் குப்பையை அதன்மேல் கொட்டினேன். கையுறை, மூக்கில் துணி, எல்லாம் உண்டு. மூக்கைத் துளைத்ததும் கையில் ஒட்டியதும் ஒரே சாமான்தான், ஈரம். காய்கறித் தோல், எஞ்சிய சாப்பாடு, பை பிரிக்காமலேயே அழுகிப்போன இரண்டு தக்காளி. மற்றதெல்லாம் அந்த ஈரத்தால்தான் கெட்டிருந்தது. நல்ல அட்டைப்பெட்டி ஒன்று ஊறிக் கூழாகிக் கிடந்தது. அடியில் மூன்று பென்சில் செல், குழம்பில் குளித்த மாதிரி. அதுவரை 'மக்காத குப்பை' என்று முகம் சுளித்தேனே, அதில் முக்கால்வாசி உண்மையில் குப்பையே இல்லை. நாங்கள்தான் அதைக் குப்பையாக்கியிருந்தோம்.

எங்கள் வீடு மட்டும் இல்லை. உலக வங்கி 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் சேரும் குப்பையில் 44 சதவீதம் உணவுக் கழிவும் இலைதழையும்தான். இது குப்பை மேட்டில் போய்ப் புதைந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகக் கிளம்புகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதே தோலை வீட்டிலேயே மக்கவைத்தால், காற்று படுவதால் அந்தச் சிக்கல் பெருமளவு இல்லை.

ஆகவே ஏழெட்டு வண்ண வாளி எல்லாம் வேண்டாம். ஈரத்தைத் தனியே நிறுத்துங்கள், பாதிக்கு மேல் வேலை முடிந்தது. காய் நறுக்கும் இடத்திலேயே மூடி போட்ட சின்னப் பாத்திரம் ஒன்று வையுங்கள். அதற்குள் பிளாஸ்டிக் பை போடாதீர்கள், தினமும் கழுவிவிடலாம். மக்கவைப்பதற்குத் தனியாக, ஓட்டை போட்ட ஒரு பெரிய தொட்டி. ஒரு பங்கு ஈரக் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு பங்கு காய்ந்த இலையோ, கிழித்த அட்டையோ, மரத்தூளோ போட வேண்டும். நாறினால் பயப்படாதீர்கள். ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்ததைப் போட்டுக் கிளறிவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் அது நல்ல சகுனம். இரண்டு மூன்று மாதத்தில், சில சமயம் இன்னும் தாமதமாக, மண் வாசனை வரும். தொட்டி வைக்கவே இடமில்லை என்றால், தோட்டம் வைத்திருக்கும் யாரையாவது பிடியுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

ஈரம் போனபின் மிஞ்சுவது காய்ந்த சரக்கு. காகிதம், அட்டை, கண்ணாடி, தகரம், அலுமினியம், கெட்டியான பிளாஸ்டிக். இதை வண்டிக்குக் கொடுக்காமல், பழைய பொருள் எடுப்பவருக்கு நேராகக் கொடுங்கள். அலுமினிய டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் குப்பையில் போடாதீர்கள். அதை உருக்கித் திரும்பச் செய்தால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட சுமார் 95 சதவீதம் ஆற்றல் மிச்சம். எதையும் சோப்பு போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு போதும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1988-ல் தொடங்கிய அந்த எண் அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் நொறுக்குத்தீனி பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும். பெரும்பாலான இடங்களில் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. 'எதற்கும் போட்டுவைப்போம்' என்று அதை நல்ல சரக்கோடு சேர்த்தால் நல்லதும் கெடும். அது வண்டிக்கே போகட்டும், மனம் வலிக்க வேண்டாம். வலித்தால் அடுத்த முறை வாங்கும்போது வலிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். செல், பேட்டரி, பழைய போன், பாதரசம் இருக்கும் குழல்விளக்கு, இவற்றுக்குத் தனியாக ஒரு டப்பா. லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனையில் டேப் ஒட்டி, இதற்கென்று வாங்குகிற இடத்தில் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் கெட்டியாகப் பேப்பரில் சுற்றி மேலே எழுதிவையுங்கள். நாப்கினும் அப்படியே. அந்தப் பையைத் திறக்கப்போவது ஒரு மனிதருடைய கை.

இனி உங்கள் மகன். 1884-ல் பாரிஸில் யூஜின் புபெல் என்ற நிர்வாகி, வீடுகளுக்கு மூடி போட்ட தொட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். ஒன்று இல்லை, மூன்று: மக்குவதற்கு, காகிதத்துக்கும் துணிக்கும், கண்ணாடி பீங்கான் சிப்பி ஓட்டுக்கு. பிரிக்கிற பழக்கம் ஒட்டவில்லை. தொட்டிக்கு மட்டும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் இன்றைக்கும் குப்பைத்தொட்டிக்குப் பெயர் 'புபெல்'தான். உங்களுக்கு வைத்த பெயரைவிட மோசம், பாருங்கள்! உத்தரவுக்கு அவ்வளவுதான் மரியாதை என்று தெரிகிறது. அதனால் கிளறுவதை நிறுத்துங்கள். அவன் அறையில் இருக்கும் வாளியை எடுத்துவிட்டு, போகிற வழியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். எது எதற்கு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் குப்பையை வெளியே எடுத்துப்போகிற வேலையை அவனுக்கே கொடுங்கள். பை கிழிந்து ஒருமுறை காலில் ஒழுகினால் போதும், நீங்கள் வருடம் முழுக்கச் சொன்னது அவனுக்கு ஒரே நாளில் விளங்கும். கணவருக்கு மார்க்கெட் போகிற வேலையைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அழுகின அந்தத் தக்காளி, வாங்கும்போதே அளவுக்கு மேல் வாங்கியதுதான். வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த அலுவலக டப்பா. ஆமாம், கொஞ்சம் அதிகம்தான். வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோய் அதிலேயே போட்டுத் தரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சேர்த்ததில் மூடி பொருந்துவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய பொருளோடு அனுப்புங்கள். என் அலமாரியில் மூடியே இல்லாத டப்பா பதினொன்று இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.