வயது எழுதும் கட்டம்

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. மூலக்கூறு உயிரியல் படிக்கிறாள். "நோய்க்குக் காரணம் மரபணுவில்தான் இருக்கிறது, நோய் யாருக்கு, எங்கே, எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் நோய்ப்பரவலியல் வெறும் தலை எண்ணும் வேலை" என்கிறாள். அப்படியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தலை எண்ணுவதால் என்ன தெரியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் அம்மா. அதைச் சொன்னாலே உங்கள் மகளுக்குப் பதிலாகிவிடும்.

1992. சென்னைக்கு மெட்ராஸ் என்று பெயர் இருந்த காலம். ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். அக்டோபர் வாக்கில் வாந்திபேதி வார்டிலிருந்து மல மாதிரிகள் குவிந்தன. எல்லாம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. தட்டில் தேய்த்து வைத்தால் மறுநாள் காலை பளபளவென்று மஞ்சள் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். பார்த்த மாத்திரத்தில் காலரா என்றுதான் தோன்றும். உறுதிசெய்ய ஒரே ஒரு சோதனை. ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, காலனியில் துளி எடுத்து அதில் கரைத்து, ஓ1 ஆன்டிசீரம் (ஓ1 என்பது அதுவரை ஊரைப் படுக்க வைத்த காலரா கிருமி வகை; அந்த வகையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் திரவம் இது) ஒரு சொட்டு சேர்த்து, ஸ்லைடை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். காலரா கிருமி என்றால் சில விநாடிகளில் பால் திரிவதுபோல் துகள் துகளாகப் பிரிந்துவிடும்.

அன்று திரியவில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கலங்கல் கலங்கலாகவே நின்றது. புதுக் குப்பியிலிருந்து சீரம் எடுத்துச் செய்தேன். அப்போதும் அதே கதை.

ஓ1 சீரத்தில் திரியாத விப்ரியோவால் (காலரா கிருமியின் இனப்பெயர் அது) அங்கொருவர் இங்கொருவருக்கு வயிற்றுப்போக்கு வரலாம், ஊரே படுக்காது என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். அதை நம்பி "ஓ1 அல்லாத விப்ரியோ" என்று எழுதி அனுப்பினோம். காலரா இல்லை என்று அதற்குப் பொருள். வார்டிலோ கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தார்கள். எங்கள் ஆய்வகம் செய்த அந்தத் தவறு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

தவறு வெளிப்பட்டது வார்டு நோட்டில், வயது எழுதும் கட்டத்தில். காலரா வந்து வந்து போகிற ஊரில் அதிகம் படுப்பது சின்னப் பிள்ளைகள்தான். பெரியவர்களின் உடம்பு முன்பே பட்டுப் பழகி எதிர்ப்பு பிடித்திருக்கும். அந்த நோட்டில் 34, 42, 55 என்று போனது. நேற்றுவரை மூட்டை தூக்கிய ஆட்கள். இளம் டாக்டர் ஒருவர் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே பேனாவை ஓட்டிக்கொண்டே வந்து, "இவங்க எல்லாருக்கும் இது புதுசா இருக்கே!" என்றார்.

ஏன் புதுசு என்பதற்கு நோட்டில் பதில் கிடையாது. அதற்கு உங்கள் மகளின் படிப்பு வேண்டியிருந்தது. அதுவரை அறிந்திருந்த 138 வகைகளில் எதிலும் சேராததால் அந்தக் கிருமி ஓ139 ஆனது. வங்கக் கடலோரத்தில் பரவியதால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது. மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தது 1961-ல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய, எல் டோர் என்ற அதே ஓ1 காலரா. நச்சும் அதேதான். மேலுறையின் சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் மரபணுத் துண்டு மட்டும் போய், அந்த இடத்தில் வேறொரு துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. மூட்டை தூக்குகிறவரின் உடம்பு அடையாளம் வைத்திருந்ததும் அந்தப் பழைய சர்க்கரையைத்தான். என் குப்பியில் இருந்த சீரம் பிடிப்பதும் அதைத்தான். என் ஸ்லைடு திரியாததற்கும் அவர் படுத்ததற்கும் ஒரே காரணம்! இதைப் பின்னால் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, மரபணு மட்டும் கையில் இருந்தால் போதாதா? கிருமிகள் மரபணுத் துண்டுகளை எப்போதும் கைமாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அதில் எது ஊரைப் படுக்க வைக்கும் என்று துண்டைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. யார் படுத்தார்கள், எத்தனை வயது, எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று யாராவது கேட்டு எழுதியிருக்க வேண்டும். லண்டனில் 1854-ல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் கிருமி எதுவென்றே தெரியாமல், காலராவில் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தே பிராட் தெருப் பம்பைக் குற்றவாளி என்று காட்டினார். ஆனால் தண்ணீர் எப்படிக் கொல்கிறது என்பது அவர் கணக்கில் இல்லை. காலரா கிருமியின் நச்சைக் கல்கத்தாவில் விஞ்ஞானி சம்புநாத் டே முயல் குடலில் காட்டியது 1959-ல்.



உங்கள் மகளின் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிக் குழாய்களில் பெரும்பாலும் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். மாதிரி எடுத்த தேதி, நோயாளியின் வயது, தெரு மூன்றையும் அனுப்பியவர்களிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால், ஒரு நாள் வார்டுக்குப் போய் அந்த நோட்டையும் புரட்டிப் பார்க்கட்டும்.