குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் வாலாஜா முகமது அலியும் ஒருவரா?

இல்லை. வாலாஜா முகமது அலி 18-ஆம் நூற்றாண்டின் ஆற்காடு நவாப். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர். எகிப்தை 1805 முதல் ஆண்டவரும் ஒரு முகமது அலிதான்.

வீரர் 1942-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரில் பிறந்தவர். இயற்பெயர் கேஷியஸ் கிளே. அந்தப் பெயரிலும் முன்பே ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே கென்டக்கி மாநிலத்துக்காரர், வெள்ளையர். தன் அடிமைகளை விடுவித்து, 1845-இல் லெக்சிங்டனில் அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தினார். தாக்க வருவார்களோ என்று அலுவலகத்தில் பீரங்கியே வைத்திருந்தார்! அவர் நினைவாகத்தான் வீரரின் அப்பாவுக்கு அந்தப் பெயர். அது மகனுக்கும் வந்தது. ஆனாலும் வீரர் அதை அடிமைப் பெயர் என்று சொல்லி, 1964-இல் உலகப் பட்டம் வென்ற கையோடு முகமது அலி ஆனார்.