வீலில் ஏறாத மீன் பட்டியல்

கேள்வி: காசிமேட்டு மீன் ஏலக் கணக்கை எக்செலில் திறக்கிற மாதிரி மாற்றித் தரும் சின்ன கமாண்ட்-லைன் கருவி ஒன்றைப் பைத்தானில் எழுதி, ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறேன். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று பெயர்களெல்லாம் 'மீன்.ஜேசான்' ஃபைலில், 'பைப்ராஜெக்ட்.டாமல்' என்ற அமைப்பு ஃபைலின் பக்கத்திலேயே இருக்கின்றன. என் லேப்டாப்பில் ஓடுகிறது. பிப்பில் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) நிறுவிய நண்பர்களுக்கு 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'. எந்தெந்த ஃபைல் தொகுப்பில் சேர வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட்டில் சேர்த்தும் பயனில்லை. தொகுப்பைக் கட்ட செட்டப்டூல்ஸ்தான் பயன்படுத்துகிறேன்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மேனிஃபெஸ்ட் வரி அந்த ஃபைலை சோர்ஸ் தொகுப்பில் மட்டும்தான் சேர்க்கும். பிப் நிறுவுவது வீலை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய தொகுப்பை. சோர்ஸ் தொகுப்பைக் கொடுத்தாலும் முதலில் அதிலிருந்து ஒரு வீலைக் கட்டிக்கொண்டுதான் நிறுவும். பேக்கேஜ் ஃபோல்டருக்கு வெளியே கிடப்பது அங்கேயே உதிர்ந்துவிடும்.

வீல் என்பது வெறும் ஜிப் ஃபைல்தான். 'பைத்தான் -எம் பில்ட்' கொடுத்த பிறகு, 'பைத்தான் -எம் ஜிப்ஃபைல் -எல்' என்று அடித்து வீலின் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக வரும். மீன் பட்டியல் அதில் இருக்காது. உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஓடுவதற்குக் காரணம், நீங்கள் '-ஈ' போட்டு நிறுவியிருப்பீர்கள். அப்போது கோடு (நிரல்) உங்கள் மூல ஃபோல்டரிலிருந்தே ஓடும், பிழை வெளியே தெரியாது.

ஜேசானை பேக்கேஜ் ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள். பைப்ராஜெக்ட்டில் 'டூல்.செட்டப்டூல்ஸ்.பேக்கேஜ்-டேட்டா' என்ற பகுதியைத் திறந்து, பேக்கேஜ் பெயருக்கு எதிரே '*.ஜேசான்' என்று எழுதுங்கள். இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: இடப்பக்கம் வர வேண்டியது இம்போர்ட் செய்யும் பெயர், பிப்பில் அடிக்கும் பெயர் அல்ல. பிப் பெயரில் ஹைஃபன், இம்போர்ட் பெயரில் அண்டர்ஸ்கோர் என்று இருக்கும்போது பிப் பெயரை எழுதினால் ஃபைல் வீலில் ஏறாது.

கோடில் '__ஃபைல்__' வைத்து இரண்டு படி மேலே ஏறித் தேடும் வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு, 'இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ்.ஃபைல்ஸ்' போடுங்கள் (பைத்தான் 3.9 முதல் உண்டு). படிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அடுத்த புகார் விண்டோஸ்காரரிடமிருந்து வரும், வஞ்சிரம் கொத்துப் பரோட்டா ஆகிவிட்டது என்று.

பழைய 'பில்ட்', 'டிஸ்ட்', 'எக்-இன்ஃபோ' மூன்றையும் அழித்துவிட்டுக் கட்டுங்கள். பழைய மிச்சம் புது வீலில் ஏறிவிடக்கூடும். சோதனைக்குப் புதிய வென்வ் (பைத்தானின் தனிச் சூழல்), அதில் வீலை நிறுவி, வேறு ஃபோல்டருக்குப் போய் ஓட்டுங்கள். மூல ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினால் அது சோதனையே இல்லை.

வெளியிடும்போது 0.3.0 என்றிருந்தால் 0.3.1 ஆக்குங்கள். ஒருமுறை ஏற்றிய ஃபைல் பெயரை, அழித்தாலும்கூட, பைபிஐ (பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கு) மறுபடி ஏற்காது. பழையதை 'யாங்க்' செய்தால் போதும்: '==' போட்டு அதையே கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும்.

கேள்வி: வேறொருவர் கருவியில் இதே பிழை. எனக்கு கோடு எழுதத் தெரியாது. அவரிடம் எப்படிச் சொல்வது?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: பைத்தான் பதிப்பு, ஓ.எஸ்., நிறுவ அடித்த வரி, பிழைச் செய்தி முழுவதும். வீல் ஃபைல் கையில் இருந்தால், கூடவே மேலே சொன்ன ஜிப்ஃபைல் பட்டியலையும் ஒட்டிவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள்; தேட முடியும்.