ஃபார்மட் செய்த லேப்டாப்பை நம்பி விற்கலாமா?

கேள்வி: ஐந்து வருடம் பயன்படுத்திய விண்டோஸ் லேப்டாப்பை விற்கப் போகிறேன். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் வகை டிஸ்க். பென் டிரைவிலிருந்து விண்டோஸை மறுபடி நிறுவினேன், அப்போதே டிஸ்க்கை ஃபார்மட்டும் செய்துவிட்டேன். அப்புறம் இணையத்தில் இதைப் பற்றிய ஒரு விவாதத்தைப் படித்துக் குழம்பிப் போனேன். ஒருவர் பழைய தகவலின் மேல் வேறு தகவலை 35 முறை மேலெழுத வேண்டும் என்கிறார். இன்னொருவர் எஸ்எஸ்டியில் அழித்ததை யாராலும் மீட்க முடியாது என்கிறார். மூன்றாமவர் துளை போட்டு உடைப்பதுதான் ஒரே வழி என்கிறார். வாங்க வருபவரோ, "நானே அழித்துச் சான்றிதழ் தருகிறேன்" என்கிறார். வங்கி விவரங்களும் குழந்தைகளின் படங்களும் அதில் இருந்தன. யார் சொல்வது சரி?

பதில்: முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பது வீண் வேலை இல்லை. எஸ்எஸ்டியை விண்டோஸில் ஃபார்மட் செய்தால், "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிஸ்க்குக்கு ஒரு கட்டளை அனுப்பும். டிரிம் என்று அதற்குப் பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. அந்தக் கட்டளை போய்ச் சேர்ந்தபிறகு, வாங்குபவர் சாதாரண மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அந்த 'அநேகமாக'வையும் எடுத்துவிட இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த 35. பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அன்றைய ஹார்ட் டிஸ்க்குகள் தகவலைக் காந்தத்தில் பதியும் முறை ஒரே மாதிரி இருக்கவில்லை. பழைய தலைமுறை டிஸ்க்குக்கு ஒரு முறை, புதியதற்கு வேறொன்று. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டாலும் வேலை நடக்கட்டும் என்று எல்லா வகைக்குமான சுற்றுகளையும் அவர் வரிசையாகக் கொடுத்தார். குறிப்பிட்ட வடிவங்களில் எழுதுவது 27 சுற்று, முன்னால் 4 பின்னால் 4 என்று கலவையான எண்களால் எழுதுவது 8 சுற்று, ஆகமொத்தம் 35. தலைவலி, காய்ச்சல், வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் மாத்திரை வைத்த பெட்டி மாதிரிதான் அது. தலைவலி வந்தவர் பெட்டி முழுவதையும் விழுங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35 சுற்றும் தேவையில்லை என்று பிற்பாடு அவரே அந்தக் கட்டுரையோடு சேர்த்து எழுதி வைத்தார். ஆனால் எண் மட்டும் தனியாகக் கிளம்பிவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு முறை பூஜ்யங்களால் மேலெழுதினாலே ஆய்வுக்கூடக் கருவிகளை வைத்தும் பொதுவாக மீட்க முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் சுமார் 65 மணி நேரம். இரண்டரை நாளுக்கு மேல் ஒரு மனிதரைக் காக்க வைத்து, மின்சாரத்தையும் செலவழிக்க வைத்து, முதல் சுற்றிலேயே முடிந்துபோன வேலையைச் செய்ய வைக்கிறார்கள். "ராணுவத் தரம்" என்று முகப்பில் போட்டு இந்த 35 சுற்றைக் காசுக்கு விற்கும் மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. வாங்காதீர்கள்.

உங்களுடையது எஸ்எஸ்டி. அதில் மேலெழுதுவது என்ற பேச்சே வேறு. இதைத்தான் அந்த விவாதத்தில் மூன்று பேருமே கவனிக்கவில்லை.

ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு பேரேடு. பேனாவால் எழுதுகிறார், எந்தப் பக்கத்திலும் அடித்துத் திருத்தும் பழக்கம் இல்லை. "40-ஆம் பக்கத்தில் இருப்பதை மாற்றி எழுது" என்கிறீர்கள். அவர் காலியாக உள்ள 93-ஆம் பக்கத்தைத் திறந்து புதியதை எழுதுகிறார். பிறகு முன்னாலுள்ள அட்டவணையில் "40 என்று கேட்டால் 93-ஐக் காட்டு" என்று குறித்துக்கொள்கிறார். பழைய 40-ஆம் பக்கம் அப்படியே கிடக்கிறது. நீங்கள் கேட்டால் காட்டமாட்டார், ஆனால் கிழித்துப் போடவும் இல்லை. சௌகரியப்படும்போது இப்படிப்பட்ட பழைய பக்கங்களை ஒரு கட்டாகச் சேர்த்துத்தான் துடைப்பார். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு சிப் செய்வது இதே வேலைதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் எழுத்தைப் பரப்பிப் பரப்பிப் போடுகிறது.

இன்னொன்று. கணக்குப்பிள்ளை கையில் சில உபரிப் பக்கங்களையும் வைத்திருக்கிறார், அவை உங்கள் கணக்கிலேயே வராது. 480 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிக்குள் பெரும்பாலும் 512 ஜிபிக்கான சிப்புகள் இருக்கும். மிச்சம் கண்ணில் படாத இருப்பு. வெளியிலிருந்து எத்தனை முறை மேலெழுதினாலும், அந்த ஒளிந்த பக்கங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டோம் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. ஒரு தனிக் கோப்பை மட்டும் பத்திரமாக அழிக்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2015-ல் மேக்கிலிருந்து எடுத்ததே இதனால்தான். எஸ்எஸ்டியில் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்காக, 35 முறை எழுதினால் எஸ்எஸ்டி செத்துவிடும் என்று மறுபக்கம் எழுதுகிறார்களே, அதுவும் தப்பு. ஒரு டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். 35 டிபி எழுதினால் அதில் ஆறு சதவீதம் கூடப் போகாது. சாகாது. பிரயோஜனமும் இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? எஸ்எஸ்டிக்குள்ளேயே தன்னை முழுவதும் அழித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று இருக்கிறது. செக்யூர் எரேஸ், சானிடைஸ் என்ற பெயர்களில் வரும். ஒளிந்திருக்கும் பக்கங்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டும் என்பது அதற்கான விதி. பல லேப்டாப்களில் பயாஸ் மெனுவிலேயே (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்பு மெனு) இருக்கும். இல்லையென்றால் எஸ்எஸ்டியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசக் கருவி கிடைக்கும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போய் எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள், அங்கேதான் அந்த ராணுவத் தரக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கட்டளை கொடுத்தால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். விண்டோஸும் போய்விடும், திரும்ப நிறுவிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டளையை மட்டும் நம்பலாமா என்றால், அதிலும் ஒரு பழைய கதை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-ல் சில எஸ்எஸ்டிகளைப் பிரித்து, சிப்புகளையே நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். ஒன்று "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு எல்லாத் தகவலையும் அப்படியே வைத்திருந்தது. அதனால் நான் யாருக்கும் இரட்டைப் பூட்டாகத்தான் சொல்வேன். முதலில் முழு டிஸ்க்கையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யுங்கள், அதற்குப் பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். குறியாக்கம் செய்த டிஸ்க்கில் இருப்பது சாவி இல்லாமல் படிக்க முடியாத குப்பை. அழிக்கும்போது சாவியும் போய்விடுகிறது. கட்டளை சரியாக வேலை செய்யாமல் போனாலும், மிஞ்சுவதில் பெரும்பகுதி யாருக்கும் உதவாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். விண்டோஸ் புரோவில் அதன் சொந்தக் குறியாக்க வசதியான பிட்லாக்கரை இயக்கும்போது, "பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும்" குறியாக்கம் செய்யவா அல்லது "முழு டிஸ்க்கையும்" செய்யவா என்று கேட்கும். முதலாவது சீக்கிரம் முடியும் என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கும். புது டிஸ்க்குக்கு அது சரி. உங்களைப் போல ஐந்து வருடம் ஓடியதற்கு அது கூடாது. உங்களுக்குப் பிரச்சினையே 'காலி' என்று விண்டோஸ் நினைக்கும் இடத்தில்தான். முழு டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை. உங்களுடையது ஹோம் பதிப்பாக இருந்து பிட்லாக்கர் இல்லையென்றால், அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஐந்து வருட லேப்டாப்பின் சிப்புகளைக் கழற்றிப் படிக்க யாரும் மெனக்கெடப் போவதில்லை.

இவ்வளவையும் ஒரு சாதாரண மனிதர் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். டெலீட் என்ற பொத்தான் டெலீட் செய்வதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால் அட்டவணை மட்டும்தான் போகும், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். முழு ஃபார்மட் செய்தால் விஸ்டா பதிப்பு முதல் வந்த விண்டோஸில் பூஜ்யங்களால் நிரப்பும். இரண்டுக்கும் பெயர் ஃபார்மட்தான், நடுவில் ஒரு சின்ன டிக் குறி. உண்மையாகவே அழிக்கும் கட்டளையோ ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மூலையில் ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கிறது. "இந்தக் கருவியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று ஒரே ஒரு பொத்தானை எல்லோரும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? போனில் வைத்திருக்கிறார்களே. இன்றைய போன்களில் ஃபேக்டரி ரீசெட் செய்தாலே குறியாக்கச் சாவி அழிந்துவிடும். ரீசெட் செய்தாலும் எல்லாம் மீளும் என்று சுற்றிவரும் செய்தி 2015-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 21 ஆண்ட்ராய்டு போன்களைச் சோதித்ததிலிருந்து வந்தது. அவற்றில் ஓடியவை 2.3 முதல் 4.3 வரையான ஆண்ட்ராய்டு பதிப்புகள். தேதியை வெட்டிவிட்டுப் பழைய செய்தியைப் பகிர்பவர்களால் வரும் வினை இது.

துளை போடச் சொன்னவர் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். அவர் சொல்வது பொருந்தும் இடம் ஒன்று உண்டு: டிஸ்க் செத்துப்போனால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேப்டாப் திறக்கவில்லை, டிஸ்க்கைக் கணினி அடையாளம் காணவில்லை என்றால், எந்தக் கட்டளையையும் அதற்குக் கொடுக்க முடியாது. ஆனால் செத்தது பெரும்பாலும் கணக்குப்பிள்ளைதான், பேரேடு உயிரோடு இருக்கும். மீட்பு நிபுணர் மின்னணுப் பலகையைச் சரிசெய்தோ சிப்பைக் கழற்றியோ சில சமயம் படிக்க முடியும். உத்தரவாதக் காலத்தில் இருக்கிறதென்று அதைத் தபாலில் திருப்பி அனுப்பிப் புதியது வாங்கிக்கொள்கிறார்கள் பலர். பழையது எங்கே போகிறது, யார் பழுது பார்க்கிறார்கள், மறுபடி யாருக்குப் போகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? குறியாக்கம் செய்யாத டிஸ்க் செத்துவிட்டால், மாற்றுப் பொருளை விட்டுக்கொடுத்தாவது அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பதென்றால் பலகையின் நடுவில் ஒரு துளை போதாது. கறுப்பாகச் சதுரமாக இருக்கும் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும். காந்தம் காட்டுவது எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது, அதில் காந்தப் பதிவே கிடையாது. அடுத்து வாங்கும் லேப்டாப்பில் முதல் நாளே குறியாக்கத்தை இயக்கிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இருக்காது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதித் தனியாக வைக்க மறக்காதீர்கள்.

இனி, சான்றிதழ் தருகிறேன் என்பவர். வேண்டாம். பழைய டிஸ்க் ஒன்று ஒருமுறை என் மேசைக்கு வந்தது. மேலே 'முழுமையாக அழிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு ஒட்டுத்தாள், தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. இலவச மீட்பு மென்பொருளை ஓட்டினேன். பத்து நிமிடத்தில் ஒரு பள்ளிக் குழந்தையின் பிறந்தநாள் படங்கள், யாருடைய சம்பளச் சீட்டோ, ஒரு மருத்துவ அறிக்கை என்று வரிசையாக வந்து நின்றன. விரைவு ஃபார்மட் செய்துவிட்டு ஒட்டுத்தாளை ஒட்டியிருக்கிறார்கள். நான் மூடிவிட்டு முழுவதையும் அழித்தேன். என் கைக்கு வராமல் வேறொருவர் கைக்குப் போயிருந்தால்? அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை இது தெரியாது. முறையாக அழித்து வரிசை எண்ணோடு அறிக்கை தருபவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் விலை பேசி வாங்குகிறவரே அழிப்பதாகச் சொல்லும்போது, எதை எப்படி அழித்தார் என்று நீங்கள் பார்க்கப் போவதில்லை. டிஸ்க் உங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காலியாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் நீங்களே ஒரு இலவச மீட்பு மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். புதிதாக நிறுவிய விண்டோஸின் கோப்புகளைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது. உங்கள் பழைய கோப்பு ஒன்றின் பெயர் கண்ணில் பட்டாலும் விற்பனையை நிறுத்திவிட்டு, லேப்டாப்பின் மாடலையும் எஸ்எஸ்டியின் மாடலையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.